ஒய்எஃப்-23 மாதிரி: கறுப்பா, சாம்பலா?

நண்பரே, ஒய்எஃப்-23 என்கிற அமெரிக்கச் சோதனைப் போர் விமானத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்கிறீர்கள், ஒரு படத்தில் கறுப்பாகவும் இன்னொன்றில் வெளிர் சாம்பலாகவும் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. நார்த்ராப்பும் மெக்டொனல் டக்ளஸும் சேர்ந்து கட்டியது இரண்டு விமானங்கள். 1990 ஆகஸ்ட் 27-ல் முதலில் பறந்தது, படத்தில் கறுப்பாகத் தெரிகிற கரும்சாம்பல் விமானம், பிராட் அண்டு விட்னி எஞ்சின். அதே ஆண்டு அக்டோபரில் பறந்தது வெளிர் சாம்பல், ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின். முதல் விமானத்தின் அடிவயிற்றில் ‘கறுப்பு விதவை’ சிலந்திக்கு இருப்பது போல ஒரு சிவப்பு மணற்கடிகாரக் குறி கொஞ்ச காலம் இருந்தது, அப்புறம் அழித்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், வரைந்துவிடுங்கள்.

ஆனால் எஞ்சின் காற்று வெளியேறும் பின்பக்கக் குழாயை எஃப்-22 போர் விமானம் போல மேலும் கீழும் திரும்புகிற மாதிரி செய்யப்போவதாகச் சொன்னீர்களே, அது மட்டும் வேண்டாம். அந்த வசதி, அமெரிக்க விமானப்படையின் தேர்வில் இதற்குப் போட்டியாளராக இருந்த ஒய்எஃப்-22-ல்தான் (எஃப்-22-ன் சோதனை வடிவம்) இருந்தது. ஒய்எஃப்-23-ல் எஞ்சினின் சூடான காற்று, உடலின் மேல்பக்கம் வெட்டிய பள்ளம் வழியாக, வெப்பம் தாங்கும் ஓடுகள் பதித்த தரையை உரசிக்கொண்டு போகும். கீழே இருந்து பார்க்கிற அகச்சிவப்புக் கருவிக்கு அந்தச் சூடு சுலபமாகத் தெரியக்கூடாது என்பதற்காக. அந்த ஓடுகளின் கோடுகளைப் பொறுமையாகக் கீறுங்கள், மாதிரிக்கு உயிர் வருவதே அங்கேதான். கிடைமட்ட வாலும் தனியாக ஒட்டாதீர்கள், நன்றாகச் சாய்ந்த அந்த இரண்டு வால்களே எல்லா வேலையையும் பார்க்கும்.

1991 ஏப்ரலில் அமெரிக்க விமானப்படை ஒய்எஃப்-22-ஐத் தேர்ந்தெடுத்தாலும் இவை இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. கறுப்பு ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகர அருங்காட்சியகத்தில், சாம்பல் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில். அருங்காட்சியகப் படங்களைத் தேடிப் பார்த்து நிறம் கலந்துகொள்ளுங்கள்.