இரவு முழுக்க மேசையில் இருந்த பாஸ்டாவைச் சாப்பிடலாமா?

கொக்குவிலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளின் பிறந்தநாளுக்குக் கோழியும் சீஸும் போட்டுப் பாஸ்டா செய்தேன். மிஞ்சியதை மூடி இரவு முழுக்க மேசையிலேயே விட்டுவிட்டோம். காலையில் கெட்ட மணம் ஒன்றும் இல்லை. நன்றாகச் சூடாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? மிஞ்சினால் எத்தனை நாள் வைக்கலாம், பழுதானதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

கொடுக்கவே வேண்டாம். முந்தின நாள் மீன்குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது அதிகப்படியாகத் தெரியலாம். ஆனால் அந்தக் குழம்பில் புளி இருக்கிறது; புளிப்பில் கிருமிகள் மெதுவாகத்தான் வளரும். சீஸ் பாஸ்டாவுக்கு அந்தக் காவல் இல்லை.

சோறு, பாஸ்டா, நூடில்ஸ் எல்லாவற்றிலும் வரக்கூடியது பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா. அதன் வித்துகள் கொதிநீரிலும் தப்பிவிடும். பாஸ்டா ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அடுப்பில் வைத்தால் பக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். அதை மூக்காலும் நாக்காலும் பிடிக்க முடியாது.

2003இல் பெல்ஜியத்தில் ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை செய்து சனிக்கிழமை வெளியே கொண்டுபோன பாஸ்டா சாலட்டின் மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்து, திங்கள் இரவு பிள்ளைகள் 5 பேரும் சாப்பிட்டார்கள். 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்தப் பிரிட்ஜுக்குள் இருந்த வெப்பநிலை 14 பாகை. 5 பாகைக்கு மேல் போகக் கூடாது. இதை வாசித்த நாளிலிருந்து என் பிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு சின்ன வெப்பமானி கிடக்கிறது. நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள்.

சரி, அடுத்த முறை என்ன செய்வது? பொதுவாக 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். 32 பாகையைத் தாண்டும் நம்முடைய சித்திரை வெக்கையில் 1 மணித்தியாலம்தான். தாச்சியோடு தூக்கி வைக்காதீர்கள், நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும். 2 அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலப் பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி வையுங்கள். 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். 4 மணித்தியாலம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் கோழியும் பாலும் சேர்ந்தது எதையும் வைத்திருக்க வேண்டாம்.

பழுதான பாஸ்டாவின் மேல் வழுவழுப்பாக ஒரு மினுக்கம் தெரியும். முள்ளுக்கரண்டியால் தூக்கினால் மெல்லிய நூல் இழுபடும். தேங்காய்ப்பால் விட்டதென்றால் பால் திரிந்து, நுரைத்து, புளிச்ச மணம் வரும். ஓர் ஓரத்தில் பூஞ்சணம் கண்டாலும் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவதில் பயனில்லை, முழுவதையும் கொட்டுங்கள். இவை தெரிந்தால் நிச்சயம் பழுது. தெரியாவிட்டால் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம், எத்தனை மணித்தியாலம் வெளியே இருந்தது என்று மட்டும் பாருங்கள்.

பிள்ளைகள் ஏற்கெனவே கொஞ்சம் சாப்பிட்டிருந்தால் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நஞ்சு பெரும்பாலும் அரை மணித்தியாலம் முதல் 6 மணித்தியாலத்துக்குள் சத்தி வரச் செய்யும். சத்தி நிற்காவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து மயங்கினாலோ காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பாத்திரத்தில் மிஞ்சியதை நாய்க்கும் வைக்காமல், வளவுக்குள் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.