சம்பளம் இல்லாத பயிற்சிப் பருவம்: ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்கள். மகள் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கிறாள். பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. இறுதியாண்டில் ஒரு பருவம் முழுக்கப் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாக இருக்க வேண்டுமாம், சம்பளம் கிடையாதாம். நூலக வேலையையும் விட வேண்டியிருக்கும். விருது, உதவித்தொகை என்று ஏதேதோ சொல்கிறாள். 52 வயதான என் கணவரோ, வேலையிடத்தில் சேர்த்துவரும் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துவிடலாம் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் கணவரின் வயதில் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் சேரும். கல்விச் செலவுக்கென்று ஐஆர்ஏ எனும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு உள்ள அபராத விலக்கு 401(கே)-க்குக் கிடையாது.

உங்கள் கவலை நியாயமானது. பென்சில்வேனியாவில் இந்தப் பயிற்சி குறைந்தது 12 வாரம், முழுநேரம். காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளியில் இருக்க வேண்டும்; இரவில் மறுநாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். பெட்ரோல், கைரேகைப் பதிவு, போலீஸ் சான்று, தகுதித் தேர்வுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பருவத்துக்கான கல்லூரிக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வேலை செய்வதற்குப் பணம் கட்டச் சொல்லும் இந்த ஏற்பாடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள்: படிப்பு முடிந்ததும் எங்கே பாடம் நடத்தப்போகிறாள்? பென்சில்வேனியாவிலா, உங்கள் வீட்டருகே நியூ ஜெர்சியிலா? எந்தப் பணத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

2023-இல் இயற்றிய சட்டப்படி பென்சில்வேனியா அரசு பயிற்சி ஆசிரியர்களுக்கு 10,000 டாலர் தருகிறது. பதிலுக்கு அந்த மாநிலத்திலேயே மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்ய வேண்டும். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இது உதவித்தொகை அல்ல, கடன். அங்கேயே இருப்பதாக முடிவெடுத்தால், நியூ ஜெர்சி முகவரியால் தகுதிக்குத் தடை உண்டா என்று மாநில உயர்கல்வி உதவி முகமையிடம் கேட்டுவிட்டு, விண்ணப்பம் திறக்கும் அன்றே அனுப்பச் சொல்லுங்கள். 2024-இல் முதன்முறை கொடுத்தபோது, வந்த விண்ணப்பங்களுக்கு நிதி போதவில்லை.

ஆசிரியராக விரும்பும் மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் டீச் கிராண்ட் என்ற உதவித்தொகை எந்த மாநிலத்துக்கும் பொருந்தும். ஆண்டுக்கு அதிகபட்சம் 4,000 டாலர். பட்ஜெட் வெட்டால் கைக்கு வருவது சற்றுக் குறையலாம். மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.25 இருந்தால் தகுதி உண்டு. படிப்பு முடிந்த எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில், ஆசிரியர் தட்டுப்பாடுள்ள பாடத்தைக் கற்பிக்க வேண்டும். கணிதம் அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் மகளுக்கு நல்லது. நிபந்தனை தவறினால் முழுத் தொகையும் கடனாகும். பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடியிருக்கும். முன்பெல்லாம் வருடாந்தரப் படிவம் தாமதமானதற்கே பலருக்குக் கடனாக மாற்றிவிட்டார்கள்; 2021-இல் விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும் படிவங்களின் நகலை வைத்திருக்கட்டும். எல்லாக் கல்லூரிகளும் இந்தத் திட்டத்தில் இல்லை. நிதியுதவி அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

அவளுக்கு ஏற்கெனவே மத்திய அரசின் மாணவர் கடன் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. வருமானம் குறைந்த பிள்ளைகள் அதிகம் படிக்கும் அப்படிப்பட்ட பள்ளியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் உயர்நிலை வகுப்புக் கணிதம் கற்பித்தால் 17,500 டாலர் வரை தள்ளுபடியாகும். டீச் கிராண்டுக்கான நான்கு ஆண்டுகளும் இதற்குள்ளேயே அடங்கும்.

கல்லூரி விருது பணி நிபந்தனை இல்லாமல் வந்தால், அதுவே எல்லாவற்றிலும் நல்ல பணம். ஆனால் எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் இத்தகைய விருதுகளைப் பருவ இறுதி விழாவில்தான் அறிவிக்கிறார்கள். ஜனவரி வாடகைக்கு அது உதவாது. விருது வந்ததும் கல்லூரி தன் மானியத்தைக் குறைக்குமா, கடனைக் குறைக்குமா என்பதையும் கேளுங்கள். மானியத்தில் கை வைத்தால் உங்களுக்கு லாபமே இல்லை. கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட்ட பகுதிக்கு வரி கிடையாது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் துண்டு விழுந்தால், மகள் பெயரில் மத்திய அரசுக் கடனை, விழும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பயிற்சிக்கு முந்தைய கோடையில் அவள் சம்பாதிப்பதை அப்படியே ஒதுக்கி வைத்தால் அந்தக் கடனும் சிறியதாகும்.