ஜவ்வரிசியில் சர்க்கரை 0-வா? லேபிள் கேள்வி-பதில்

கே (அஸ்தம்பட்டி வாசகர்): மிக்சர் பாக்கெட்டில் சோடியம் 200 மில்லிகிராம்தான் போட்டிருக்கிறது. குறைவுதானே?

ப: அது 30 கிராமுக்கு, அதாவது ஒரு கைப்பிடிக்கு. 150 கிராம் பாக்கெட்டை ஒரே ஆளாக முடித்தால் ஆயிரம் ஆச்சு. நாள் முழுவதற்குமே 2,000தான் கணக்கு. 100 கிராம் கட்டத்தைப் பாருங்கள் என்று போன மாதமும் சொன்னேன்.

கே (ஏற்காடு வாசகி): நம்மூர் காபி என்று வாங்கினேன். பின்னால் சிக்கரி 40 சதவீதம் என்றிருக்கிறது. கலப்படமா?

ப: எழுதி விற்றால் கலப்படமில்லை. 49 சதவீதம் வரை சட்டமே அனுமதிக்கிறது. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாக்கெட் எதற்கு? கொட்டை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

கே (கொண்டலாம்பட்டி வாசகர்): அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஜவ்வரிசி பாக்கெட்டில் சர்க்கரை 0, கொழுப்பு 0. தினமும் கஞ்சி வைத்துத் தரலாமா?

ப: இதே கேள்வி எத்தனை தடவைதான் வரும்! சர்க்கரை வரிக்கு மேலேயே கார்போஹைட்ரேட் என்று இருக்குமே, அங்கே கண்ணே போகாதா? ஜவ்வரிசியில் நூற்றுக்கு 85க்கு மேல் அதுதான். புரதம் 1 கிராம்கூடத் தேறாது. குச்சிக்கிழங்கை அரைத்து, பாலெடுத்து, தங்கிய மாவை உருட்டி வறுப்பதுதான் ஜவ்வரிசி. சேலத்துக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? லேபிளில் சர்க்கரை என்பது குளுக்கோஸ், சுக்ரோஸ் மாதிரி சமாச்சாரங்கள் மட்டும். மாவுச்சத்து அந்த வரியில் வராது. ஆகவே 0 என்பது பொய்யில்லை. ஆனால் வயிற்றுக்குள் போனதும் அந்த மாவு குளுக்கோஸாகத்தான் மாறும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், எனக்கும் பெருமைதான். வடாம் போடுங்கள், பண்டிகைக்குப் பாயசம் வையுங்கள். அவருக்குத் தினசரிக் கஞ்சி மட்டும் வேண்டாம். அப்புறம், ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்கிற பிஸ்கட்டுக்கும் இதே பதில்தான். மைதா எங்கே போகும்?

கே (ஓமலூர் வாசகி): ‘கொலஸ்ட்ரால் இல்லாத’ கடலை எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

ப: கொலஸ்ட்ரால் கறி, முட்டை, பால் சம்பந்தப்பட்டது. உங்கள் தெருச் செக்கில் ஆட்டும் எண்ணெயிலும் அது இல்லை. முன்பக்க எழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், பின்பக்கம் திருப்புங்கள்.

கே (பெயரும் இல்லை, ஊரும் இல்லை): சத்துமாவு வாங்கினோம். கவரைத் தூக்கிப் போட்டாயிற்று, பிராண்டு நினைவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ப: கவர் இல்லாமல் நான் என்ன ஜோசியமா பார்க்க? எடையில் அதிகமானதுதான் பொருள் பட்டியலில் முதலில் வரும். அடுத்த முறை அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். சர்க்கரை முதல் மூன்றுக்குள் இருந்தால் எனக்கு எழுதவும் வேண்டாம், மாவை வாங்கவும் வேண்டாம்.