ஈரத்துக்குக் கழித்தது போக

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பண்டிகையையும் வீட்டையும் பற்றியவை. மார்கழி முடிவில் கோத்தகிரியில் காலை 9 மணிக்கு முன் பேனா பிடிக்க விரல்கள் இணங்குவதில்லை. வெயில் ஏறிய பிறகு வாசலில் நாற்காலி போட்டு எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: பொங்கல், தீபாவளி நாட்களிலும் எழுதுவீர்களா? எழுத்தாளர்களுக்கு விடுமுறை என்று ஒன்று உண்டா?
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அந்த இரண்டு நாட்களிலும் எழுதுவதில்லை. இதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் இது எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பொங்கல் காலையில், தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி, பானையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு அக்காவும் அம்மாவும் கோலத்துக்குக் காவி இடப் போனார்கள். இரவெல்லாம் பனியில் நனைந்த சீகை விறகு பற்றிக்கொள்ளவே அரைமணி நேரம் ஆகிறது, மலையில் சோறு வேகவும் தாமதமாகிறது, ஆகவே பாலும் நிதானமாகத்தான் பொங்கும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, பாதியில் நின்ற கதையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் கணக்கு தவறியது அங்கேதான். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் 94 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அரிசி தாமதமாக வேவதற்குக் காரணம் அந்தக் குறைந்த சூடுதானே தவிர, பால் சோம்பேறி என்பதல்ல. விறகு பற்றியதும் பால் பொங்கி, வழிந்து, அடுப்பையும் அணைத்துவிட்டது. 'பொங்கலோ பொங்கல்' என்று கூவ வாசலில் ஒருவரும் இல்லை. அக்கா திட்டவில்லை. என் கையில் இருந்த காகிதங்களை வாங்கி, அணைந்த அடுப்பை மறுபடி மூட்ட அவற்றையே பயன்படுத்தினார். அன்றிலிருந்து பண்டிகை நாளில் பேனா எடுப்பதில்லை.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தீபாவளி மலருக்குக் கதை கேட்டு ஆசிரியர் குழுவிலிருந்து தகவல் வருவது பெரும்பாலும் ஆடி மாதத்தில்தான். வெளியே தென்மேற்குப் பருவக்காற்று ஓடுகளைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே உட்கார்ந்து கங்கா ஸ்நானத்தையும் மத்தாப்பையும் எழுதியாக வேண்டும். ஆகவே எங்களுக்குத் தீபாவளி ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. முதல் தீபாவளிக்குப் பலகாரம் கிடையாது.

கேள்வி: உங்கள் புத்தகங்கள் எதிலும் சமர்ப்பணப் பக்கம் இல்லை. உங்களைப் படிக்க வைத்தவர் அக்கா என்று இந்தப் பகுதியிலேயே ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். நன்றியை அச்சில் சொல்ல ஏன் இந்தத் தயக்கம்?
(கூடலூரிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: தயக்கம் என்னுடையது அல்ல, அம்மா. முதல் தொகுப்பு அச்சுக்குப் போகும் முன், 'என்னைப் படிக்க வைத்த அக்காவுக்கு நன்றியுடன்' என்று ஒரு வரி எழுதி, அதை அக்காவிடம் படித்தும் காட்டினேன். "நன்றி சொல்றதுக்கு நான் என்ன வெளி ஆளாடா?" என்று கேட்டுவிட்டு முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த வரியை அன்றே அடித்தேன்.

அக்கா 15 வயதில் கொழுந்து பறிக்கப் போனவர். அவருடைய பேர்காசில், அதாவது நாட்கூலியில்தான் என் பள்ளிச் சீருடையும் பரீட்சைக் கட்டணமும் வந்தன. ஆனால் நான் அவருக்குப் பட்டிருக்கும் கடன் அதோடு முடிவதில்லை. தோட்டத்தில் பறித்த கொழுந்தை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை தராசில் நிறுப்பார்கள். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும் என்பதால், இத்தனை கிலோ என்று நிறுத்த பிறகு சாக்குக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் கணக்குப்பிள்ளை பெயருக்கு நேரே எழுதுவார். எவ்வளவு கழிப்பது என்பதில் தினந்தோறும் தகராறு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தராசின் முன் நின்ற அக்காவுக்கு, ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தாலே அதில் இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நான் எழுதிய முதல் நீண்ட கதையை, அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால், நானே உரக்கப் படித்துக் காட்டினேன். பதினாறு பக்கம். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஈரத்துக்குக் கழிச்சா எவ்வளவுடா தேறும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரவு தனியே எடுத்துப் பார்த்தபோது, மூடுபனியைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது தெரிந்தது. மலையில் பிறந்து வளர்ந்த எவரும் மூடுபனியை அவ்வளவு நேரம் நின்று பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பவர் மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்தான். யாரோ ஒருவருடைய கண்ணைக் கடன் வாங்கி என் ஊரை எழுதியிருந்தேன். அதைக் கழித்தேன், அழுகைகள் சிலவற்றைக் கழித்தேன், பன்னிரண்டு பக்கம் தேறியது. அச்சில் வந்ததும் அந்தப் பன்னிரண்டுதான்.

இன்றுவரை எந்தக் கதையும் அக்காவின் தராசில் ஏறாமல் தபாலுக்குப் போனதில்லை. என் புத்தகங்களில் எந்தெந்தப் பக்கங்கள் இல்லையோ அவையெல்லாம் அவருடையவை. அவற்றை எந்தப் பக்கத்தில் சமர்ப்பணம் செய்வது?

நன்றி சொல்லும் வழி ஒன்று நம்மவர்களிடம் முன்பே இருக்கிறது. பொங்கல் சீர் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு போகிக்கும் பச்சரிசி, வெல்லம், ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை ஆகியவற்றோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். இவற்றில் எதுவும் எங்கள் தேயிலை மண்ணில் விளைந்ததல்ல. கரும்பும் மஞ்சளும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் லாரி ஏறி வருகின்றன. வடகிழக்குப் பருவமழை நீண்டு மண் சரிந்த ஆண்டுகளில் கரும்பு விலை, எங்கள் ஊர்ச் சந்தையில், கீழே இருப்பவர்கள் நம்பாத அளவுக்குப் போகும். அந்த ஆண்டு புதிய புத்தகம் வந்திருந்தால் அதையும் தட்டில் வெல்லத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். சீர் கொண்டுவந்த கூடையை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது வழக்கம். அதனால் திரும்பும்போது கொண்டுபோனதைவிடக் கூடுதலான பாரத்தோடு வருகிறேன். இந்தக் கணக்கு எந்த ஆண்டும் எனக்குச் சாதகமாக முடிந்ததில்லை.

கேள்வி: என் பெற்றோரும் உங்களைப் போல் தாயகம் திரும்பியவர்கள். இலங்கை மலையகத்துப் பண்டிகைக்கும் இங்குள்ள பண்டிகைக்கும் வேறுபாடு உண்டா?
(பந்தலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும் பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. காகிதத்தில் இது எளிய வகுத்தல் கணக்கு. எங்கள் வீட்டில் அப்பாவின் தம்பி அந்தப் பக்கம் விழுந்தார், நாங்கள் இந்தப் பக்கம் விழுந்தோம். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம், பிறகு ரயில், கடைசியில் மறுபடியும் ஒரு தேயிலை மலை. நீலகிரியில் நம்மவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியதை உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பார்கள்.

வேறுபாடு என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பணம்தான். அங்கே தீபாவளிக்குத் தோட்டம் கொடுத்தது அட்வான்ஸ். பண்டிகை முடிந்ததும் மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே பட்டாசு வெடித்த சத்தம் அடங்கிய பின்னும் தீபாவளி பல மாதம் நீடிக்கும். இங்கே வந்த முதல் ஆண்டில் போனஸ் என்று கொடுத்தபோது, "எத்தனை மாசம் பிடிப்பீங்க?" என்று அப்பா கேட்டாராம். 1965 ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, தொழிலாளிக்கு உரியது என்றும் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் தொழிற்சங்கத்துக்காரர் விளக்கிய பிறகும் அப்பா அந்தப் பணத்தை மூன்று நாள் செலவு செய்யாமல் வைத்திருந்தார்.

மற்றபடி, மாசி மாதத்தில் காமன் கூத்தும், விடியற்காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், 'பெரட்டு' (காலை ஆட்கணக்கெடுப்பு), 'பிள்ளைக்காம்பரா' (குழந்தைகள் காப்பகம்) போன்ற சொற்களும் அங்கிருந்து எங்களோடு கப்பலேறி வந்தவை. என் நடையில் ஏதாவது தனித்தன்மை இருப்பதாக விமர்சகர்கள் சொன்னால், அது பெரும்பாலும் இந்தச் சொற்களைக் கீழே போடாமல் தூக்கி வந்தவர்களின் புண்ணியம்.

கேள்வி: எழுத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா?
(உதகையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: 250 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய். ஆண்டுக்கு 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். நான் ஓய்வு பெறும்வரை ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தம்பி, ஒரு வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: உங்கள் வீட்டுப் பண்டிகை அல்லாமல், நீலகிரியில் உங்களை மிகவும் ஈர்த்த விழா எது?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: படுகர்களின் ஹெத்தையம்மன் விழா. மார்கழி, தை குளிரில், கோத்தகிரியை அடுத்த பேரகணியை நோக்கி வெள்ளை உடையும் வெள்ளைப் போர்வையுமாக ஊர் ஊராக மக்கள் செல்வதைச் சிறுவயதில் தேயிலைச் சரிவின் மேலிருந்து பார்த்திருக்கிறேன். பச்சைக்கு நடுவே அந்த வெள்ளை வரிசை வளைந்து வளைந்து நகரும்.

ஆனால் என் மனத்தில் நின்றது விழாவைவிட, என் படுகநண்பன் வீட்டு வழக்கம் ஒன்று. வீட்டுக்கு வரும் இளையவர் பெரியவர் முன் தலையைக் குனிந்து நிற்க, பெரியவர் அந்தத் தலையின் மேல் கைவைத்து வாழ்த்துவார். முதன்முறை நண்பனோடு போனபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் குனிந்தேன். அவனுடைய பாட்டி, இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்காமல், என் தலையிலும் கைவைத்தார். மேலே ஆசிரியை கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்போது இந்தக் கையும் நினைவுக்கு வந்தது.

கேள்வி: என் கணவர் எழுத்தாளர். பொங்கலுக்கு வீடு நிறைய உறவினர்கள் வந்திருக்கும்போதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறார். கேட்டால், கூட்டத்தில் கதை போய்விடும் என்கிறார். என்ன செய்வது?
(கொடைக்கானல் அருகே பூம்பாறையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பூம்பாறை என்றால் வீட்டில் மலைப்பூண்டுக்குப் பஞ்சம் இருக்காது. ஒரு கூடைப் பூண்டை நடுக்கூடத்தில், பெண்கள் உட்கார்ந்து பேசும் இடத்தில் வைத்து, உரிக்க ஆள் போதவில்லை என்று அவரைக் கூப்பிடுங்கள். அந்தப் பொங்கல் காலையில் அடுப்பு அணைந்த பிறகு அக்கா என்னை உட்கார வைத்தது மொச்சைக் கூடையின் முன். மூன்று மணி நேரம் தோல் உரித்தேன். பக்கத்து லைன் வீட்டில் ஒரு கல்யாணம் ஏன் நின்றது, மண்டபம் முகாமில் யாருடைய பெட்டி மாறிப்போனது, கங்காணியின் மனைவி ஏன் பத்து வருடமாகத் தன் மாமியாரோடு பேசவில்லை என்பனவெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் என் காதில் விழுந்தன. என் இரண்டாம் தொகுப்பில் ஐந்து கதைகள் அந்தக் கூடையிலிருந்து வந்தவை.

உங்கள் கணவருக்கும் ஒன்றிரண்டாவது கிடைக்கும். கிடைத்த உடனே, எழுதி வைக்க வேண்டும் என்று எழுந்து ஓடப் பார்ப்பார். கூடை காலியாகும்வரை விடாதீர்கள்.