ஓவிய ஆசிரியர் ஆக விரும்பும் மகள்: பள்ளத்தூர் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள ஆச்சி,

மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடியவள், அவள் போய் ஓவிய ஆசிரியர் ஆகப் போகிறேன் என்கிறாளே, கணினியில் வரையவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாளே, இதை நம்பி விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் எதை நம்பி விடுவது என்பதில் தெளிவு வேண்டும்.

அரசுப் பள்ளி வேலை ஒன்றையே நம்பி இறங்க வேண்டாம். ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற சிறப்பாசிரியர் பணிகளுக்கு அறிவிப்பு வருவதே அபூர்வம். 2012-இல் பகுதிநேரமாக நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியதை நீங்களும் நாளிதழில் படித்திருப்பீர்கள். அந்தக் கதவை அடைக்கவும் வேண்டாம். அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் அவள் இப்போதிருந்தே எழுதி வைக்கட்டும். பிறகு கோடை விடுமுறையில் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியும் முடித்துக்கொள்ளலாம். செலவு குறைவு, அறிவிப்பு வரும்போது கையில் தகுதி இருக்கும்.

இன்று வாய்ப்பு விரிந்திருப்பது வேறு இடத்தில். சிபிஎஸ்இ, 2020-21 கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கலையோடு இணைந்த செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கியது. நம் அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. இதனால் பள்ளிகள் தேடும் ஆள் மாறிவிட்டார். கரும்பலகையில் மாம்பழம் வரைந்து, அதைப் பார்த்து வரையச் சொல்லும் ஆசிரியர் போதாது. கணக்கு ஆசிரியரோடும் வரலாற்று ஆசிரியரோடும் உட்கார்ந்து ஒரு திட்டத்தை யோசித்து, பிள்ளைகளின் கையால் செய்ய வைத்து, அதைப் படமாகவோ காணொளியாகவோ கண்காட்சியாகவோ முடித்துக் காட்டத் தெரிந்தவர் வேண்டும். உங்கள் மகள் அப்படி வந்தால் வேலை கிடைக்கும்.

அதற்கான பயிற்சி உங்கள் வீட்டுத் தரையிலேயே இருக்கிறது. ஆத்தங்குடிக்கு அவளை ஒரு நாள் அழைத்துச் சென்று, தரையில் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறையில் பொறுமையாக உட்காரச் சொல்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சதுரச் சட்டம் வைப்பார்கள். அதற்குள் பூ வடிவ உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும், கலக்காது. அதன்மேல் உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, பின்னால் ஈரக் கலவை வைத்து மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீரில் ஊறவிட்டு உலர்த்துவார்கள், சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பைக் கொடுப்பது கண்ணாடி.

இதை அவள் வகுப்புத் திட்டமாக மாற்றிப் பார்க்கட்டும். ஒரு கல்லை நேர் மேலிருந்து கைபேசியில் படம் எடுக்க வேண்டும். சாய்ந்தால் சதுரம் சரிவகமாகிவிடும். அதைக் கணினியில் இங்க்ஸ்கேப் மென்பொருளில் கோடு கோடாகப் படியெடுக்கட்டும். நான்கு கற்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் நடுவில் புதிதாக ஒரு பூ பிறக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமச்சீர் என்றால் என்ன என்று புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவதும் அப்படித்தான்: வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டினால் ஓலைப் பின்னலும் கணினித் திரையின் புள்ளிகளும் ஒரே கணக்கு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். விசேஷ நாளில் வீட்டுக்குள் போடும் நடுவீட்டுக் கோலமும் இப்படிப் பாடமாகக் காத்திருக்கிறது.

அடுத்தது அசைவூட்டம். அரிசி மாவுக் கோலம் தானே வளர்வதுபோல் பத்து நொடிப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்குப் பன்னிரண்டு படம் என்றால் 120 படங்கள். கைபேசியை அசையாமல் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இழையாக நீட்டி நீட்டி எடுக்க வேண்டும். வளவில், அதாவது வீட்டின் திறந்த நடுமுற்றத்தில், வைத்து எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெயில் நகர்ந்துகொண்டே இருப்பதால் படம் மினுங்கும். உள்ளறையில் சன்னலைச் சாத்திவிட்டு ஒரே விளக்கில் எடுத்தால் சீராக வரும்.

விலை உயர்ந்த கருவி வாங்கித் தரச் சொல்லி அவள் கேட்டால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். வரையவும் அசைவூட்டவும் உதவும் இங்க்ஸ்கேப், கிரீட்டா, பிளெண்டர் மென்பொருள்கள் மூன்றும் இலவசம். வீட்டில் ஒரு சாதாரணக் கணினியும், அதோடு இணைத்து வரைய, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் மின்னணு வரைபலகையும் போதும். தினமும் பென்சிலால் வரைவது மட்டும் நிற்கக் கூடாது. கோடு கையில் வராதவருக்கு மென்பொருள் கைகொடுக்காது. கவின் கலைக் கல்லூரி நுழைவுத் தேர்விலும் தாளில்தான் வரைய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே படம் வரைகிறதே என்ற உங்கள் பயம் நியாயமானது. அட்டைப்படம், விளம்பரம் என்று வரைந்து பிழைப்பவர்களுக்கு அந்த நெருக்கடி வந்துவிட்டது. கற்பிப்பவரின் வேலை வேறு. அந்தச் செயலியிடம் ஆத்தங்குடித் தரை ஒன்றைக் கேட்டு வாங்கி, கல்லின் ஓரங்கள் அடுத்த கல்லோடு பொருந்துகின்றனவா என்று பிள்ளைகளைச் சரிபார்க்கச் சொன்னால் அதுவே ஒரு வகுப்பு. பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், ஆச்சி. உங்கள் மகள் அந்த ஆளாக வர முடியும் என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

படிப்புக்கு முதல் தேர்வாகக் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியைச் சொல்வேன். அடுத்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம். அங்கே ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்போடு அச்சுக்கலை, துணி வடிவமைப்பு, சுடுமண் கலையும் உண்டு. இரண்டிலும் இளங்கலை நான்கு ஆண்டு. சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. ஆசிரியப் பணிதான் நோக்கம் என்றால் ஓவியத்தையோ காட்சித் தொடர்பு வடிவமைப்பையோ எடுக்கட்டும். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக, பெயர் மட்டும் அழகாக இருக்கும் தனியார் படிப்பில் பெரும் கட்டணம் கட்டிச் சேர்க்காதீர்கள். சேரும் முன் அங்கே இறுதியாண்டு மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

பின்னாளில் தனியார் பள்ளிக்கு நேர்காணல் போகும்போது, சம்பளம் எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி உண்டா, ஓவிய வகுப்பைப் பரீட்சை நேரத்தில் வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடுவார்களா என்று அவள் தயங்காமல் கேட்க வேண்டும். தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவு என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதை உயர்த்துவது அவள் செய்துகாட்டிய வேலைகளின் தொகுப்புதான்.

அந்தத் தொகுப்பை இந்த ஆண்டே தொடங்கட்டும். அரையாண்டு விடுமுறையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, மேலே சொன்னவற்றில் ஒரு திட்டத்தைச் செய்து பார்க்கட்டும். முதல் கிறுக்கல், சரியாக வராத முயற்சி, முடிந்த படைப்பு மூன்றையும் வைத்து, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள், அவள் என்ன மாற்றினாள் என்று அரைப்பக்கம் எழுத வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து இணையத்தில் போடக் கூடாது. கைகளையும் வேலையையும் எடுத்தால் போதும். திட்டம் முடிந்ததும் அந்தத் தொகுப்போடு அவளை என்னைப் பார்க்கக் காரைக்குடிக்கு அழைத்து வாருங்கள். பொதுத்தேர்வுப் படிப்பு நெருக்குவதற்கு முன், ஜனவரியிலேயே வந்துவிட்டால் நல்லது.