அடுப்படிக் கேள்வி பதில்: இரும்புக் கல்லில் ஸ்டேக், இளஞ்சூட்டில் கிரீம் பாஸ்தா

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் மகன் மூன்று ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறான். அங்கே ஓட்டலில் ஸ்டேக்கும் கிரீம் பாஸ்தாவும் சாப்பிட்டுப் பழகிவிட்டான். போன முறை ஊருக்கு வந்தபோது நானே செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். அரைக் கிலோ மாட்டுக்கறி வாங்கி, மஞ்சள் போட்டுக் கழுவி, இஞ்சி பூண்டு விழுதும் மிளகுத்தூளும் தடவி, நான்ஸ்டிக் கடாயில் போட்டேன். கறி தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது. அது வற்றுவதற்குள் கறி செருப்புத் தோல் போல ஆகிவிட்டது. பாஸ்தாவுக்குக் கிரீம் ஊற்றி எலுமிச்சை பிழிந்தேன், அதுவும் திரிந்துபோனது. அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தான். அதுதான் எனக்கு வருத்தம். பக்ரீத்துக்கு மறுபடி வருகிறான். எங்கே தவறினேன்?
— ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. நீங்கள் செய்ததெல்லாம் குழம்புக்கும் வறுவலுக்கும் சரியான வேலை. தடிமனான கறித்துண்டைக் கல்லில் வாட்டி எடுக்கிற ஸ்டேக்குக்கு அந்த வேலைகளில் பாதியை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் இதை ஒருவர் காட்டிக் கொடுத்துத்தான் தெரியும்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் பல ஆண்டுகள் சமையல் பார்த்தேன். தோல் வாங்க வருகிற ஜெர்மனிக்காரர்களும் இயந்திரம் பூட்ட வருகிற இத்தாலிக்காரர்களும் அங்கேதான் தங்குவார்கள். நான் சேர்ந்த முதல் வாரமே ஓர் இத்தாலிக்காரர் ஸ்டேக் கேட்டார். கறியைக் குக்கரில் ஐந்து விசில் விட்டு, மிளகு போட்டுப் புரட்டி வைத்தேன். உங்கள் மகனைப் போலவே அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்று, தான் ஒரு முறை செய்து காட்டலாமா என்று சைகையால் கேட்டார். அவருடைய ஊர் சாந்தா குரோச்சே. ஆர்னோ ஆற்றங்கரையில் தோல் பதனிடுகிற ஊர், நம் பாலாற்றங்கரை ஊர்களைப் போல. அதற்கும் ஃபுளோரன்ஸ் நகரத்துக்கும் அதிக தூரமில்லை. எலும்போடு தடிமனாக வெட்டிய மாட்டுக்கறியைத் தணலில் வாட்டி உப்பு மட்டும் போட்டுச் சாப்பிடுவதற்குப் பெயர்போன நகரம் அது. அன்று அந்த மனிதர் காட்டியதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கறிக்கடை. நம் பக்கம் கிடைப்பது எருமையோ மாடோ, சதைக்குள் கொழுப்பு அதிகம் ஓடியிராத கறி. வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற வெள்ளை வரி நம் கறியில் இருக்காது. அதனால் எந்தப் பாகம் என்பதுதான் எல்லாம். பாயிடம் முதல் நாளே 'அண்டர்கட்' என்று சொல்லி வையுங்கள். முதுகெலும்புக்கு அடியில் நீளமாக ஒட்டியிருக்கும் சதை அது. நடப்பதற்கும் சுமப்பதற்கும் அதிகம் பயன்படாததால் மென்மையாக இருக்கும். ஒரு மாட்டில் இரண்டே இரண்டுதான் கிடைக்கும், காலையிலேயே போய்விடும். தொடைக்கறியில் ஸ்டேக் செய்ய முயலாதீர்கள், அது குழம்புக்கு. நாலு பேருக்கு 800 கிராம். மேலே வெள்ளையாகப் பளபளக்கும் ஜவ்வை முழுக்க உரித்துவிட்டு, 3 சென்டிமீட்டர் தடிமனில் நாலு துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மெல்லியதாக வெட்டினால், மேலே சிவப்பதற்குள் உள்ளே காய்ந்துவிடும்.

பக்ரீத் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குர்பானி கொடுத்த அன்றே அந்தக் கறியில் ஸ்டேக் செய்யாதீர்கள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும். சதையிலேயே இருக்கும் நொதிகள் அதை மெல்ல மெல்லத் தளர்த்தும், அதற்கு நாள் வேண்டும். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு நாள் வைத்திருந்து மூன்றாம் நாள் செய்யுங்கள். அன்றைய பிரியாணிக்கு அன்றைய கறி சரி, அது தம்மில் வெந்துகொள்ளும். ஸ்டேக் கல்லில் இருக்கப்போவதோ சில நிமிடம்தான். மென்மைக்காகப் பப்பாளிக்காய் தடவவும் வேண்டாம். அண்டர்கட்டுக்கு அது தேவையே இல்லை, மேல்பக்கம் கூழாகிவிடும்.

இனி உங்கள் கடாயில் நடந்தது என்ன என்று பார்ப்போம். கறி பழுப்பாகச் சிவந்து மணக்க அதன் மேல்பரப்பு 140 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். ஈரம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீரின் குணம் அது. கழுவிய ஈரம், விழுதின் ஈரம், கறி விட்ட ஈரம் எல்லாம் சேர்ந்து உங்கள் கறி வறுபடவில்லை, அவிந்தது. ஆகவே கழுவியே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால் முதல் நாள் கழுவிவிடுங்கள். மஞ்சளும் விழுதும் வேண்டாம், இரண்டும் கல்லில் கருகிக் கசக்கும். சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புத் தூவி, சல்லடைத் தட்டில் வைத்து, அடியில் ஒரு தட்டு கொடுத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். பக்கத்தில் சமைத்த பண்டம் எதையும் வைக்காதீர்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரோடு சேர்ந்தே உள்ளே இறங்கும். காலையில் தொட்டுப் பாருங்கள். மேல்தோல் காய்ந்த காகிதம் போல விரலில் ஒட்டாமல் இருக்கும். அந்த உலர்ச்சிதான் பாதி ஸ்டேக். இரவு வைக்க முடியாவிட்டால் கல்லில் போடுகிற அந்த நிமிடத்தில் உப்பிடுங்கள். பத்து நிமிடம், கால் மணி நேரம் முன்பு உப்பிடுவதுதான் கெடுதல். வெளியே வந்த நீர் உள்ளே திரும்புவதற்குள் அடுப்பில் ஏற்றிவிடுவீர்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில், சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கறியை வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு எழுதியது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில் பதினைந்து நிமிடமே போதும்.

நான்ஸ்டிக் இதற்கு ஆகாது. 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். வீட்டில் கனமான இரும்புத் தோசைக்கல் இருக்குமே, அதைவிட நல்ல பாத்திரம் ஸ்டேக்குக்குக் கிடையாது. பெரிய தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, ஒரு தேக்கரண்டி ரீஃபைண்டு கடலை எண்ணெய் விடுங்கள். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும். மெல்லிய புகை கிளம்பும்போது இரண்டு துண்டுகளை மட்டும் வையுங்கள். நாலையும் ஒன்றாகப் போட்டால் கல் குளிர்ந்து மறுபடி தண்ணீர் விடும். வைத்த பிறகு கையை எடுத்துவிடுங்கள். அந்த இத்தாலிக்காரர் காதைக் கல் பக்கம் சாய்த்துக் கேட்பார். முதலில் படபடவென்று பெரிய சத்தம், அது ஈரம். அது அடங்கி, மழை ஓய்கிற நேரத்துத் தூறல் போல ஒரே சீரான சத்தம் வரும்போது இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். கறி தானாகக் கல்லை விட்டு எழும்பும். இன்னும் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை.

முதல் பக்கம் நாலு நிமிடம், மறுபக்கம் நாலு நிமிடம். கடைசி ஒரு நிமிடம் தீயைக் குறைத்து, ஒரு துண்டு வெண்ணெய், தட்டிய பூண்டு நாலு பல், கொரகொரப்பாக இடித்த மிளகு சேர்த்து, உருகிய வெண்ணெயைக் கரண்டியால் கறி மேல் வாரி வாரி ஊற்றுங்கள். வெண்ணெயை முதலிலேயே போட்டால் கருகும். எடுத்துத் தட்டில் வைத்து ஏழு நிமிடம் தொடக்கூடாது. சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். இந்த ஏழு நிமிடத்தில்தான் பாஸ்தாவை முடிக்கப் போகிறீர்கள்.

பாஸ்தா வாங்கும்போது பாக்கெட்டில் டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா என்று பாருங்கள். மைதா பாஸ்தா குழைந்துவிடும். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நாலு பேருக்கு 350 கிராம் போதும். ஆம்பூர்க்காரருக்குப் பதம் சொல்லித் தர வேண்டியதில்லை. சீரகச் சம்பாவை முக்கால் பதத்தில் வடித்துத் தம்மில் சேர்ப்பீர்கள் அல்லவா, இதுவும் அதேதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடியுங்கள், மீதி வேக்காடு கிரீமில் ஆகட்டும். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். வடித்த கஞ்சியில் இரண்டு டம்ளர் கட்டாயம் எடுத்து வையுங்கள். கிரீமையும் வெண்ணெயையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது அதிலிருக்கும் மாவுதான்.

கிரீம் திரிந்ததற்குக் காரணம் இரண்டு. பாக்கெட்டில் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு சுமார் 25 சதவீதம். 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கெட்டிக் கிரீம் கொதியைத் தாங்கும், இது தாங்காது. அதன் மேல் எலுமிச்சையும் விழுந்தால் பால் திரிவது போலத் திரிந்துவிடும். ஆகவே அகலமான வாணலியில் வெண்ணெய் விட்டு, 200 கிராம் காளானை நீர் வற்றும்வரை வதக்கிக்கொள்ளுங்கள். கறி வெந்த கல் சூடாக இருக்கும்போதே கால் டம்ளர் கஞ்சியை ஊற்றி, ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி இதில் சேருங்கள். அந்தப் பழுப்பை வீணாக்காதீர்கள், கறியின் ருசி முழுக்க அதில் இருக்கிறது. பிறகு பாஸ்தாவையும் அரை டம்ளர் கஞ்சியையும் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, தீயைச் சிம்மில் வைத்து, கடைசியாக 250 மில்லி கிரீமை ஊற்றுங்கள். கொதி வரக்கூடாது, ஓரத்தில் ஆவி எழும்பினால் போதும். அடுப்பை அணைத்த பின் துருவிய சீஸ். புளிப்பு வேண்டுமென்றால் எலுமிச்சையைத் தட்டில் துண்டாக வையுங்கள், வேண்டியவர் கறி மேல் பிழிந்துகொள்ளட்டும்.

ஸ்டேக்கை வெட்டும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நெசவு நூல் போல வரிவரியாகத் தெரியும். அதற்குக் குறுக்கே கத்தியை வையுங்கள். நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு நல்ல கறியும் மெல்ல மெல்ல நாராக வரும்.

கேள்வி: ஸ்டேக் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா? என் மாமியார் அது இரத்தம் என்கிறார்.
— ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: சிவப்பாக ஊறுவது இரத்தம் அல்ல. மயோகுளோபின் என்ற புரதம் தண்ணீரோடு சேர்ந்து வருவது. ஆனாலும் உங்கள் மாமியாரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். முழுத்துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும். நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டு, மூன்று நிமிடம் ஆறவிட்டால் பாதுகாப்பானது. அப்போதும் நடுவில் லேசான இளஞ்சிவப்பு இருக்கும். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. வெளிநாட்டில் 55 டிகிரியில் எடுப்பார்கள். வெயிலில் கறி தொங்குகிற நம் கடைகளை அறிந்தவள் நான், அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு முழுக்க வெந்ததே கொடுங்கள். கொத்துக்கறியிலும், முள்ளால் குத்தி மென்மையாக்கிய கறியிலும் கிருமி உள்ளே போயிருக்கும். அவை 71 டிகிரி வரை வேக வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். பேத்தி இதே போல வேண்டும் என்கிறாள்.
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நம் மாவட்டத்துக் காயையே எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் கல்லில் வாட்ட அருமையானது. இரண்டாகப் பிளந்து, சதையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, உப்புத் தூவி இருபது நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, வெட்டிய பக்கம் கீழே படும்படி கல்லில் வையுங்கள். வெண்ணெய், பூண்டு, மிளகு எல்லாம் மேலே சொன்னபடி. ஒரு எச்சரிக்கை: அசல் இத்தாலிய பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறைய வைக்கும் ரென்னெட் சேர்த்துச் செய்வது. பச்சைப் புள்ளி போட்ட சீஸ் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: விடுதி அறையில் ஒரே ஒரு மின்அடுப்பு, ஒரே பாத்திரம். பாஸ்தாவை வடிக்காமல் செய்ய முடியுமா?
— ஒரு மாணவர், காட்பாடி

பதில்: முடியும் தம்பி. 100 கிராம் பென்னே என்கிற குழாய்ப் பாஸ்தாவுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், சிறிது உப்பு. கிளறிக்கொண்டே வேகவிட்டு, நீர் வற்றி வரும்போது அரை டம்ளர் பால், ஒரு துண்டு வெண்ணெய், ஒரு சீஸ் கட்டி. மாவு உள்ளேயே நிற்பதால் கிரீம் இல்லாமலே வழவழப்பு வரும்.

கேள்வி: இத்தாலியில் ஸ்டேக்கையும் பாஸ்தாவையும் ஒரே தட்டில் வைப்பார்களா? மீந்துபோனால் என்ன செய்வது?
— ஒரு வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: வழக்கமாக வைப்பதில்லை. பாஸ்தா முதலில் வரும், அது முடிந்த பிறகு கறி வரும். ஒரே தட்டில் கிரீமோடு சேர்ப்பது பிற்பாடு ஓட்டல்களில் வந்தது. எங்கள் விடுதிக்கு வந்தவரும் பாஸ்தாவைத் தனியாகத்தான் சாப்பிட்டார், தட்டைத் துடைத்துவிட்டுத்தான் கறியைத் தொட்டார். நாம் சேர்த்தே வைக்கலாம், அதில் தவறில்லை.

மீந்த பாஸ்தாவை மறுநாள் அரை டம்ளர் பால் விட்டுச் சிம்மில் கிளறுங்கள். அதிகச் சூட்டில் வெண்ணெய் பிரிந்துவிடும். மீந்த கறியைத் தீக்குச்சி அளவுக்கு மெல்லியதாக அரிந்து, நிறைய வெங்காயம் சிவக்க வதங்கிய பிறகு ஒரே ஒரு புரட்டு புரட்டி, மிளகு தூவி இறக்குங்கள். பரோட்டா வாங்கி வர ஆளை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.