வாசகர் கேள்வி பதில்: மிசோரம் ஸ்பெஷல்

கேள்வி: வடகிழக்கு என்றால் அஸ்ஸாம் தேயிலையைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. மிசோரம் பற்றிச் சொல்லுங்களேன்.
(வாசகி, தேனி)

பதில்: ஒரு பக்கம் வங்கதேசம், இன்னொரு பக்கம் மியான்மர், நடுவே செருகி வைத்த மலைத்தொடர்கள். 21,081 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்குப்படி 11 லட்சம் பேர்கூட இல்லை. சமதளம் என்பதே அபூர்வம். தலைநகர் அய்ஸால் மலை முகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடி வீடு, பின்பக்கம் போய்ப் பார்த்தால் அதே வீடு சரிவில் நாலு மாடி கீழே இறங்கியிருக்கும். நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். 1894இல் வந்த இரண்டு மிஷனரிகள் மிசோ மொழிக்கு ரோமன் எழுத்து வகுத்துக் கொடுத்தார்கள், அப்புறம் படிப்பு சூடுபிடித்தது. 2011இலேயே எழுத்தறிவு 91 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெயரை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்: 'ஆ' என்று முடிந்தால் ஆண், 'இ' என்று முடிந்தால் பெண்.

கேள்வி: மூங்கில் பூத்ததால் அங்கே கலகமே வெடித்ததாமே? கதை விடுகிறார்களா?
(வாசகர், திருச்சி)

பதில்: கதை இல்லை. அந்த மலைகளை மூடியிருக்கும் ஒரு வகை மூங்கில் சுமார் 48 வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். காய் கிட்டத்தட்ட பேரிக்காய் அளவு இருக்கும். அது தரையெங்கும் கொட்டிக் கிடந்தால் எலிக்குக் கொண்டாட்டம். தின்று பெருகிய எலிப்படை, காய் தீர்ந்ததும் வயலுக்கும் குதிருக்கும் வந்துவிடும். 1959இல் அப்படித்தான் பஞ்சம் வந்தது, ஊரே எலி வேட்டையில் இறங்கி வாலைக் காட்டிக் காசு வாங்கியது. முன்னாடியே எச்சரித்தும் அஸ்ஸாம் அரசு (அப்போது இது அஸ்ஸாமின் ஒரு மாவட்டம்) காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்புதான் 1961இல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியாகி, 1966இல் தனிநாடு கேட்டு ஆயுதம் எடுத்தது. அந்த மார்ச்சில் நம் விமானப்படையே அய்ஸால் மீது குண்டு போட்டது, பிறகு மலைக்கிராமத்து மக்களை வீட்டைவிட்டுக் கிளப்பிச் சாலையோரக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். இதையெல்லாம் நம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

இருபது வருடம் ஓடி, 1986 ஜூன் 30இல் மத்திய அரசுக்கும் மிசோ தேசிய முன்னணிக்கும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குள் அஸ்ஸாமிலிருந்து பிரிந்து யூனியன் பிரதேசமாகியிருந்த மிசோரமில் அப்போது முதல்வராக இருந்த லால் தன்ஹாவ்லா நாற்காலியை லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் துணை முதல்வரானார்! நம்மூர் அரசியலில் கற்பனை செய்து பாருங்கள். 1987 பிப்ரவரி 20இல் தனி மாநிலமானது. அந்த ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது.

கேள்வி: கடைக்காரரே இல்லாத கடைகள் அங்கே உண்டு என்கிறார்களே, திருட்டே கிடையாதா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: அப்படியெல்லாம் புனிதப்படுத்த வேண்டாம், அங்கேயும் போலீஸ் ஸ்டேஷன் உண்டு. ஆனால் கடைகள் உண்மை. சேலிங் பக்கம் நெடுஞ்சாலையோரம் மூங்கில் தட்டிக் கடை, அதில் கீரை, பழம், கருவாடு. விலை அட்டையில் எழுதியிருக்கும், பக்கத்தில் காசுக்கு ஒரு டப்பா. சில்லறையை நாமே அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடைபோட்டவர்கள் சிறு விவசாயிகள், மலைச்சரிவில் காட்டைத் திருத்திப் பயிர் செய்கிறவர்கள். ஒரு ஆளைக் கடையில் உட்காரவைத்தால் வயலில் ஒரு கை குறையும். நம்பிக்கைக்கு இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது. அதோடு ஊருக்கு ஊர் இளைஞர் சங்கம், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதிலிருந்து ராத்திரி துணைக்கு உட்காருவது வரை அவர்கள் பொறுப்பு. இப்படி எல்லாரும் எல்லாரையும் தெரிந்த இடத்தில் டப்பாவில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

கேள்வி: போய்வர ஆசை. சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: முதலில் அனுமதிச்சீட்டு வாங்குங்கள், வெளிமாநிலத்தார் எல்லாருக்கும் அது கட்டாயம். 2025 செப்டம்பரிலிருந்து அய்ஸால் பக்கத்துச் சாய்ராங் வரை ரயில் ஓடுகிறது, நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து. மழைக்காலத்தில் மண் சரியும், தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடும், முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளவும். சோறுதான் பிரதானம், அதனால் தப்பித்தீர்கள். 'பாய்' என்று கீரை, காய் வேகவைத்த குழம்பு ஒன்று, எண்ணெயே கண்ணில் படாது. சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள், அதில் புளிக்கவைத்த பன்றிக்கொழுப்பும் சேர்ப்பதுண்டு.

கேள்வி: சென்னையின் எஃப்சி கால்பந்து அணியில் கோல் அடித்துத் தள்ளிய மிசோரம்காரர் ஜேஜே லால்பெக்லுவா இப்போது எங்கே?
(வாசகர், சென்னை)

பதில்: மிசோரம் சட்டமன்றத்தில். 2023 தேர்தலில் ஜெயித்து எம்எல்ஏ ஆகிவிட்டார்.